இளவயதினரின் முரசு நோயும் வெண்குருதிக் கலங்களும்

பல் துலக்கிவிட்டுத் துப்பும்போது இரத்தம் தெரிகிறது. பிள்ளைக்கு வயது 16. "புதுத் தூரிகை, கொஞ்சம் குத்தியிருக்கும்" என்கிறார் தாயார். "முரசு நோய் வயது போனவர்களுக்கு வருவது, இந்த வயதில் எங்கே வரப்போகிறது" என்கிறார் தகப்பனார். வலியும் இல்லை. ஆகவே கதை அத்தோடு முடிந்துவிடுகிறது. சென்ட் லோரன்டிலும் சரி, வேறு எங்கும் சரி, எமது வீடுகள் பலவற்றில் நடக்கும் உரையாடல்தான் இது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சில வாரங்கள் ஒழுங்காகத் துப்புரவு செய்தால் மாறிவிடும் சாதாரண அழற்சிதான். ஆனால் ஒரு சிறு தொகையினருக்கு இதே இரத்தம், பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி. இருவருக்கும் வாயில் இருப்பது ஏறத்தாழ ஒரே அழுக்கு. அப்படியானால் ஒருவருக்கு ஏன் பல் ஆடுகிறது, மற்றவருக்கு ஏன் ஆடவில்லை? இதற்கான விடையின் பெரும் பகுதி எமது இரத்தத்தில் உள்ள வெண்குருதிக் கலங்களில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பிள்ளையை எப்போது பல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதும் புரியும்.

முரசு நோய் என்பது என்ன?

பல்லைச் சுற்றியுள்ள சதையைத்தான் நாம் முரசு என்கிறோம். தமிழ்நாட்டில் ஈறு என்பார்கள். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் மிகச் சிறிய ஓர் இடுக்கு உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீற்றர் வரைதான். அந்த இடுக்கின் ஓரமாகப் பற்றீரியாக் கிருமிகள் ஒட்டும் படலமாக வளர்கின்றன. இதைப் பற்படலம் என்பர். அகற்றாமல் விட்டால் அது உமிழ்நீரில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அதுவே பற்காரை.

நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது முரசு அழற்சி. முரசு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் வரும். ஆனால் எலும்புக்குச் சேதம் இல்லை. டென்மார்க்கின் ஓகுஸ் நகரில் 1965ஆம் ஆண்டு வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், ஆரோக்கியமான முரசு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மாறியது. எனவே முதற் கட்டம் முழுமையாகத் திருப்பக்கூடியது.

இரண்டாவது கட்டத்தில் அழற்சி உள்ளே இறங்குகிறது. முரசு பல்லை விட்டு விலகி, இடுக்கு ஆழமான பையாகிறது. பல்லை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்கள் அறுந்து, எலும்பும் கரைகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளர்வதில்லை. நோய் இந்தக் கட்டத்துக்குப் போகுமா இல்லையா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

எமது மக்கள் உலகுக்குக் காட்டிய உண்மை

இந்த வித்தியாசத்தை உலகுக்குத் தெளிவாக எடுத்துக் காட்டிய ஆய்வு எமது மலையக மக்களிடையே நடந்தது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. நோர்வே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1970ஆம் ஆண்டு இலங்கையின் டன்சினேன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்தார்கள். அவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். வயது 14 முதல் 31 வரை. அதே ஆட்களை 1985 வரை பல தடவைகள் மீண்டும் பரிசோதித்து, முடிவுகளை 1986இல் வெளியிட்டார்கள்.

இவர்களுக்குப் பல் வைத்திய வசதி எதுவும் கிடைத்திருக்கவில்லை. தூரிகை கொண்டு துலக்கும் வழக்கமும் இருக்கவில்லை. எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும் நிறைய இருந்தன. ஏறத்தாழ எல்லோருடைய முரசிலும் அழற்சி இருந்தது. இவ்வளவும் ஒன்றாக இருந்தால் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அவர்கள் மூன்று பிரிவினராகப் பிரிந்தார்கள்.

- 8 சதவீதத்தினருக்கு நோய் மிக வேகமாகப் பரவியது. 20 வயதளவிலேயே பற்கள் விழத் தொடங்கின. 35 வயதில் சராசரியாக 12 பற்களும் 40 வயதில் 20 பற்களும் போய்விட்டன. 45 வயதில் எல்லாப் பற்களும் போய்விட்டன.
- 81 சதவீதத்தினருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. 30 வயதுக்குப் பிறகே பற்கள் விழத் தொடங்கின. 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தார்கள்.
- 11 சதவீதத்தினருக்கு அழற்சி அழற்சியாகவே நின்றுவிட்டது. எலும்புக்குள் இறங்கவில்லை. பற்களும் அநேகமாக விழவில்லை.

ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே அழுக்கு. அப்படியிருந்தும் ஒருவர் 45 வயதில் பொக்கை வாய், அடுத்தவர் முழுப் பல்லோடு. கிருமி இல்லாமல் நோய் தொடங்காது. ஆனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கிருமிகளின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, உடல் அதற்கு எவ்வாறு பதில் சொல்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வு பெரும் பலம் சேர்த்தது. இன்றும் உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். வைத்திய வசதி இல்லாமல் பல்லை இழந்த அந்தத் தொழிலாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

2010ஆம் ஆண்டு அவர்களில் 75 பேரை மீண்டும் தேடிப் பரிசோதித்தார்கள். அந்த முடிவுகள் 2017இல் வெளியாகின. 30 வயதில் பல்லின் பிடிமான இழப்பு சராசரியாக 2 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவர்களே 60 வயதில் 20 பற்களாவது வைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் எனத் தெரிந்தது. முதுமையில் பல் இருக்குமா என்பது பெருமளவு இளமையிலேயே முடிவாகிவிடுகிறது.

காவலர்கள் எவ்வாறு வேலை செய்கிறார்கள்?

வெண்குருதிக் கலங்களில் பல வகை உண்டு. அவற்றுள் அதிக எண்ணிக்கையில் இருப்பவை நியூட்ரோபில்கள். வெண்குருதிக் கலங்களில் பாதிக்கு மேல் இவைதான். எலும்பு மச்சை ஒரு நாளில் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. கிருமி உள்ள இடத்துக்கு முதலில் ஓடி வருவதும் இவைதான்.

நோயில்லாத வாயிலும் இவை ஓய்வதில்லை. இரத்தக் குழாயின் உட்சுவரில் உருண்டு வந்து, ஒட்டி நின்று, சுவரை ஊடுருவி வெளியே வந்து, முரசு இடுக்கில் பற்படலத்துக்கும் சதைக்கும் நடுவே மதில் போல நிற்கின்றன. நிமிடத்துக்குச் சுமார் 30,000 வெண்குருதிக் கலங்கள் இவ்வாறு வாய்க்குள் வந்து சேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அங்கே வந்த நியூட்ரோபில் கிருமிகளை விழுங்கிச் செரிக்கிறது. கிருமியைக் கொல்லும் நொதியங்களையும் நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் வகைகளையும் வெளியே விடுகிறது. சில வேளைகளில் தன் கருவிலுள்ள மரபுப் பொருளையே வலையாக வீசிக் கிருமிகளைச் சிக்க வைக்கிறது.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த நொதியங்களுக்குக் கிருமி எது, சொந்தச் சதை எது என்று தெரியாது. படலம் அகற்றப்படாமல் மாதக்கணக்கில் இருந்தால் நியூட்ரோபில்கள் வந்துகொண்டே இருக்கும். அவை கொட்டும் நொதியங்கள் முரசின் நார்களையும் கரைக்கின்றன. பின்னர் வேறு வகை வெண்குருதிக் கலங்களும் வந்து சேர்கின்றன. அவை விடும் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பைக் கிருமி நேரடியாகத் தின்பதில்லை. கிருமியோடு நடக்கும் ஓயாத சண்டையில் எமது உடலே அதைக் கரைத்துவிடுகிறது.

எனவே காவலர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அளவோடு வந்து, வேலையை முடித்து, அடங்கிப் போக வேண்டும்.

இளவயதில் வரும் வேகமான வகை

பருவமடையும் வயதளவில் தொடங்கும் ஒரு வகை முரசு நோய் உண்டு. பெரும்பாலும் 6 வயதில் முளைக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் இது தாக்கும். இதை முன்பு தீவிர வகை என்று தனிப் பெயரிட்டு அழைத்தார்கள். 2018இல் வெளியான சர்வதேச வகைப்பாட்டில் அந்தப் பெயர் நீக்கப்பட்டு, எவ்வளவு சேதம், எவ்வளவு வேகம் என்ற அடிப்படையில் நோய் தரப்படுத்தப்படுகிறது.

இந்த வகையில் பல பிள்ளைகளின் பற்களில் அழுக்கு அவ்வளவாகத் தெரியாது. வலியும் இராது. பெற்றோர் ஏமாந்து போவது இதனால்தான். ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு. ஆகவே இளவயதிலேயே பல் விழுந்த மாமாவோ சித்தியோ இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இந்நோயுடன் தொடர்புள்ள ஒரு கிருமி வெண்குருதிக் கலங்களையே கொல்லும் நஞ்சைச் சுரக்கிறது. அக்கிரெகற்றிபக்டர் என்பது அதன் பெயர். அதில் ஜேபி2 எனப்படும் ஒரு பிரிவு இந்த நஞ்சை மிக அதிகமாகச் சுரக்கும். மொரோக்கோவின் ரபாத் நகரில் இளம் மாணவர்களை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. ஜேபி2 மட்டும் இருந்தவர்களுக்கு நோய் புதிதாக வரும் ஆபத்து, அந்தக் கிருமி இல்லாதவர்களைவிட 18 மடங்காக இருந்தது. கிருமி முதலில் காவலரைத் தாக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறது என்று சொல்லலாம்.

பிறவியிலேயே வெண்குருதிக் கலங்களில் குறை உள்ள அரிய நோய்களும் உண்டு. 1924இல் பப்பியோன், லெபெவர் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் விபரித்த நோயில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்திருக்கும். பாற்பற்களும் பின்னர் நிரந்தரப் பற்களும் அடுத்தடுத்து விழும். இதற்குக் காரணமான பரம்பரை அலகின் குறை 1999இல் கண்டுபிடிக்கப்பட்டது. நியூட்ரோபில்களின் சில நொதியங்கள் செயற்படுவதற்கு அந்த அலகு அவசியம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள அலகு வந்தால்தான் நோய் வரும். நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுவதற்குக் காரணம் அதுவே.

இன்னொரு அரிய நோயில் நியூட்ரோபில்களால் இரத்தக் குழாயை விட்டு வெளியே வர முடியாது. காவலர் இல்லாததால் கிருமிகள் பெருகி எலும்பை அழிக்கின்றன என்றே நீண்ட காலம் நினைத்தார்கள். 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நியூட்ரோபில்கள் வந்து சேராதபோது, அழற்சியை அடக்கும் சமிக்ஞையும் வருவதில்லை. அடங்காத அந்த அழற்சியே எலும்பைக் கரைக்கிறது. கிருமியைக் கொல்வது மட்டுமல்ல, சண்டையை முடித்து வைப்பதும் இந்தக் கலங்களின் வேலை என்பதை இது காட்டியது.

முரசு சொல்லும் வேறு செய்திகள்

முரசு சில வேளைகளில் உடலின் வேறு நோயை முதலில் காட்டிக் கொடுக்கும். இளவயதினருக்கு முரசு திடீரென வீங்கி இரத்தம் கசிந்து, கூடவே காய்ச்சல், கடும் களைப்பு, காரணமில்லாத கண்டல் காயங்கள், அடிக்கடி வாய்ப்புண் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் குடும்ப வைத்தியரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லுங்கள். குருதிப் புற்றுநோயும் நியூட்ரோபில் குறைபாடும் இவ்வாறு தலைகாட்டுவது உண்டு. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

எமது சமூகத்தில் பரவலாக உள்ள நீரிழிவும் இங்கே தொடர்புடையது. இரத்தத்தில் சீனி கூடும்போது நியூட்ரோபில்களின் ஒழுங்கு குலைகிறது. கிருமியைக் கொல்லும் திறன் குறைந்து, சொந்தச் சதைக்குச் செய்யும் சேதம் கூடுகிறது. நீரிழிவு உள்ள பிள்ளைகளின் முரசைக் கட்டாயம் ஒழுங்காகக் காட்ட வேண்டும்.

புகைத்தலும் இவ்வாறே. அது காவலரைத் தடுமாற வைப்பதோடு முரசின் இரத்த ஓட்டத்தையும் குறைப்பதால் இரத்தம் வருவது மறைந்துவிடும். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே நோய் நடக்கும். இன்று பாடசாலைப் பிள்ளைகளிடம் புழங்கும் மின்சிகரெட்டும் முரசுக்கு நல்லதல்ல.

தவறான நம்பிக்கைகள் சில

"இரத்தம் வந்தால் அந்த இடத்தைத் துலக்கக் கூடாது." தவறு. இரத்தம் வரும் இடத்தில்தான் படலம் இருக்கிறது. மென்மையான தூரிகையால் அந்த இடத்தைத் தவறாமல் துலக்க வேண்டும்.

"பற்காரையை எடுத்தால் பல் ஆடும்." எமது பெரியவர்கள் பலர் இன்றும் இதை நம்புகிறார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைச் சுற்றிக் காரைதான் கட்டுக் கட்டி நிற்கும். அதை எடுத்தவுடன் உண்மை நிலை வெளியே தெரிகிறது. பல்லை ஆட வைத்தது நோய், சிகிச்சை அல்ல.

"உப்புத் தண்ணீரால் கொப்பளித்தால் போதும்." அது கொஞ்சம் சுகம் தரும். ஆனால் படலத்தையும் காரையையும் அகற்றாது.

"அன்ரிபயோட்டிக் குளிசை எடுத்தால் மாறிவிடும்." இளவயதினரின் வேகமான வகைக்கு, காரையை ஆழமாகச் சுத்தம் செய்வதோடு சேர்த்து, வைத்தியர் சில வேளைகளில் இதனைக் கொடுப்பார். சுத்தம் செய்யாமல் குளிசை மட்டும் போடுவதால் பலன் நிலைக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த மீதிக் குளிசைகளைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. நாளுக்கு 2 தடவை, ஒவ்வொரு தடவையும் 2 நிமிடம் துலக்கச் சொல்லுங்கள். தூரிகையை முரசின் ஓரத்தை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பல் இடைவெளிகளுக்கு நாளுக்கு ஒரு தடவை பல்நூல் வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாக அவசியம்.

2. ஒழுங்காகத் துலக்கியும் 2 வாரங்களுக்கு மேல் இரத்தம் வந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பல் ஆடுதல், முரசு கீழிறங்கிப் பல் நீளமாகத் தெரிதல், முன்பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுதல், சீழ், மாறாத வாய் நாற்றம் ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

3. "முரசு இடுக்கின் ஆழத்தை அளந்தீர்களா? எலும்பு எக்ஸ்ரேயில் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். கண்ணால் பார்த்து மட்டும் இந்நோயைக் கண்டுபிடிக்க முடியாது. 4 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் இருந்தால் கவனிக்க வேண்டும்.

4. ஒரு பிள்ளைக்கு நோய் இருந்தால் சகோதரர்களையும் காட்டுங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை

கியூபெக்கின் மாகாண மருத்துவக் காப்புறுதியான ரம்க், 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வருடாந்தப் பல் பரிசோதனையையும் சில சிகிச்சைகளையும் பொறுப்பேற்கிறது. பல் சுத்தம் செய்வது அதில் அடங்காது. பெரும்பாலான குடும்பங்களுக்கு 10 வயதோடு அது நின்றுவிடுகிறது. இளவயது முரசு நோய் தொடங்குவதோ அதற்குச் சற்றுப் பின்னர்தான். காப்பு நின்ற பின் நோய் வருகிறது. பல பிள்ளைகள் 11 வயதிலிருந்து வேலைக்குப் போகும் வரை பல் வைத்தியரைக் காணாமலே வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மத்திய அரசின் கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் உண்டு. 2024 யூன் மாதம் 18 வயதுக்குக் குறைந்தோருக்கும், 2025இல் ஏனைய வயதினருக்கும் இது திறந்துவிடப்பட்டது. தனியார் பல் காப்புறுதி கிடைக்காதவர்களாகவும் குடும்பத்தின் தேறிய வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்களாகவும் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வருமான வரி அறிக்கையைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லை என்று அறிக்கை கொடுக்காமல் விடுபவர்கள் இந்த உதவியை இழக்கிறார்கள். வருமானத்தைப் பொறுத்து ஒரு பகுதியை நீங்கள் கட்ட வேண்டி வரலாம். ஆகவே முன்கூட்டியே கேட்டறியுங்கள். மக்கில் பல்கலைக்கழகத்திலும் மொன்றியல் பல்கலைக்கழகத்திலும் உள்ள பல் வைத்திய மாணவர் சிகிச்சை நிலையங்களில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை பெறலாம்.

எம்மிடம் எந்த வகை வெண்குருதிக் கலங்கள் உள்ளன என்பதை நாம் தெரிவு செய்ய முடியாது. அந்த 8 சதவீதத்தினரில் எமது பிள்ளையும் ஒருவரா என்பதையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் படலத்தைத் தினமும் அகற்றினால் காவலர் ஓயாமல் போராட வேண்டிய தேவை குறையும். நோயை 16 வயதில் கண்டுபிடித்தால் மேற்கொண்டு எலும்பு கரையாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தேயிலைத் தோட்டத்தில் பல்லை இழந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. எமது பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. இன்றிரவு பிள்ளை பல் துலக்கும்போது ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்.